சென்னை ரோட்டில் இரண்டு சக்கரத்தில்: புதிதாக வந்தவர்களுக்கு

ஊரில் பல வருடம் வண்டி ஓட்டியவர்கள்கூட, சென்னைக்கு வந்த முதல் வாரத்தில் கிண்டிப் பக்கம் ஒருமுறை போய்விட்டு வந்து, "இங்கே எப்படித்தான் ஓட்டுறாங்களோ" என்பார்கள். கிளட்ச் அதேதான், பிரேக்கும் அதேதான். மாறியிருப்பது இடைவெளி. ஊரில் முந்துகிறவர் நாலடி தள்ளிப் போவார். இங்கே ஹேண்டில்பாருக்கும் ஹேண்டில்பாருக்கும் ஒரு சாண் இருந்தால் பெரிய விஷயம். அந்த ஒரு சாணில் இவ்வளவு பேர் மோதாமல் போகக் காரணம், பக்கத்து வண்டி அடுத்து என்ன செய்யும் என்று ஒவ்வொருவரும் கணித்துக்கொண்டே போவதுதான். அந்தக் கணக்கைக் குழப்பாமல் ஓட்டப் பழகிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. நான் ஆபீசுக்கு பைக்கிலும், காலையில் கடைக்கும் கடற்கரைக்கும் சைக்கிளிலும் போகிறவன் என்பதால் இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

காகிதமும் ஹெல்மெட்டும்

லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று. நான்கையும் டிஜிலாக்கர், எம்பரிவாகன் என்ற அரசுச் செயலிகளில் ஒன்றில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். செல்போனில் காட்டினால் போதும். பழகுநர் உரிமம் எடுத்து 30 நாள் கழித்துத்தான் எட்டுப் போடப் போக முடியும். அந்த உரிமம் 6 மாதம் செல்லும். கேரளா, கர்நாடகா, புதுச்சேரி பதிவெண்ணுடன் வந்திருந்தால், 12 மாதத்துக்கு மேல் இங்கேயே ஓட்டுவதாக இருந்தால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்ற வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

அபராதம் 2022 அக்டோபரில் ஏறியது. ஹெல்மெட் இல்லை என்றால் 1000 ரூபாய், லைசென்ஸ் இல்லை என்றால் 5000, குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். போலீஸ் கை காட்டினால் இடது ஓரமாக நிறுத்தி, இறங்கி, கேட்டதைக் காட்டுங்கள். அபராதம் என்றால் இ-சலான் வரும், ஆன்லைனில் கட்டிவிடலாம். தெரிந்தவருக்குப் போன் போட்டுக் கொடுப்பதெல்லாம் பத்து நிமிடத்தில் முடியும் வேலையை ஒரு மணி நேரம் ஆக்கும்.

ஹெல்மெட்டை ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். ஓரத்தில் 200 ரூபாய்க்குக் குவித்து வைத்திருப்பதை போலீசுக்குக் காட்டலாம், தலைக்கு உதவாது. அண்ணா சாலைக்குப் பின்னால் இருக்கும் ஜி.பி. ரோட்டில் வரிசையாகக் கடைகள்; நாலைந்தைப் போட்டுப் பார்த்து வாங்கலாம். போட்டுக்கொண்டு தலையை இடமும் வலமும் வேகமாக ஆட்டுங்கள். ஹெல்மெட் தனியாக ஆடினால் அது உங்கள் அளவு இல்லை. பட்டையை மாட்டிய பிறகு தாடைக்கும் பட்டைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைந்தால் சரி. அப்புறம் பட்டையை மாட்டாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகும் பழக்கம் இங்கே ஏராளம். விழும்போது உங்களுக்கு முன்னால் ஹெல்மெட் போய்ச் சேரும். கறுப்புக் கண்ணாடி வைசர் வேண்டாம். வீட்டுக்குத் திரும்புவது பெரும்பாலும் இருட்டிய பிறகுதான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை

வேலையில் சேர்ந்த அன்று முதல்முறையாக அந்த ரோட்டில் போகாதீர்கள். முந்தைய ஞாயிறு காலை ஆறு மணிக்கு வீட்டிலிருந்து ஆபீஸ் வரை ஒரு நடை போய் வாருங்கள். மேப்பில் தெரியாத மூன்றைப் பார்க்க வேண்டும்: பஸ் ஸ்டாப் எங்கே, யூ டர்ன் எங்கே, பள்ளமும் தகடும் எங்கே. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காக ஓ.எம்.ஆர்., ஆற்காடு சாலை, மயிலாப்பூர் என்று பல இடங்களில் தோண்டியிருப்பதால், நேற்று இருவழியாக இருந்த தெரு இன்று ஒருவழி. தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை அண்ணா சாலையில் மேம்பால வேலை வேறு. மேப் என்ன சொன்னாலும் எதிரில் இருக்கும் போர்டு சொல்வதுதான் சட்டம்.

கத்திப்பாராவைத் தனியாகப் பழக வேண்டும். நான்கு பக்கமும் வளைவு வளைவாக இறங்கும் பாலம் அது. எந்த வளைவில் ஏற வேண்டும் என்பதை ஐம்பது மீட்டர் முன்னாலேயே முடிவு செய்துவிட வேண்டும். விட்டுவிட்டால் விட்டதுதான், அப்படியே போய் அடுத்த யூ டர்னில் திரும்பி வாருங்கள். பாலத்தின் நடுவில் நின்று செல்போன் பார்ப்பதும், வந்த வழியே ஓரமாக உருட்டிக்கொண்டு வருவதும் அங்கே தினமும் நடக்கிறது. பின்னால் விமான நிலையம் பக்கமிருந்து 60-ல் வரும் கார்க்காரர் வளைவுக்கு அப்பால் நிற்கும் ஆளை எதிர்பார்க்க மாட்டார்.

ராங் ரூட்டும் இப்படித்தான் தொடங்குகிறது. ஓ.எம்.ஆரில் யூ டர்ன் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும், கடை எதிரில் இருக்கும், "இதோ இங்கேதானே" என்று எதிர்த்திசையில் ஓரமாகப் போவார்கள். எல்லோரும் போகிறார்களே என்று நீங்களும் போக வேண்டாம். தெருவிலிருந்து ரோட்டில் ஏறும் கார்க்காரர் வலது பக்கம் மட்டும் பார்த்துவிட்டு ஏறுவார். நீங்கள் வருவது இடது பக்கத்திலிருந்து.

எந்த இடத்தில் ஓட்டுவது

"புதுசு, ஓரமாவே போ" என்று எல்லோரும் சொல்வார்கள். பைக்குக்கு அது அரைகுறையான அறிவுரை. இடது கோடியில்தான் மணல், வடிகால் மூடி, திறக்கப் போகும் கார்க் கதவு, சவாரி ஏற்ற நிற்கும் ஷேர் ஆட்டோ எல்லாம் இருக்கின்றன. வலது கோடியில் நடுத்தடுப்பை ஒட்டி விரட்டிக்கொண்டு வருகிறவர்கள். இடது லேனின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு ஒரே சீராகப் போங்கள். மாநகரில் இரு சக்கர வண்டிக்கு 50 கிலோமீட்டர்தான் எல்லை, குடியிருப்புத் தெருக்களில் 30. 2023 நவம்பரில் போலீஸ் நிர்ணயித்தது. பகலில் 50-ஐத் தொட இடம் கிடைப்பதே அபூர்வம் என்பது வேறு விஷயம்.

ஆட்டோவுக்குப் பின்னால் போகும்போது இண்டிகேட்டரை நம்பாதீர்கள், முன்சக்கரத்தைப் பாருங்கள். ஆட்டோ திரும்புவதற்கு முன் அந்த ஒற்றைச் சக்கரம் லேசாகத் திரும்பியிருக்கும். ஓட்டுநரின் தோளும் அந்தப் பக்கம் சாயும். ஓரத்தில் நிற்பவர் கையைத் தூக்கினால், உங்களுக்கு முன்னால் போகும் ஆட்டோ அடுத்த நொடியில் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த லேனில் இருந்தாலும் நிற்கும்.

மாநகரப் பேருந்து ஸ்டாப்பில் ஓரமாக நிற்காது, நிற்கவும் முடியாது. அங்கே இரண்டு ஆட்டோவும் ஒரு பழ வண்டியும் ஏற்கெனவே நிற்கும். எனவே ரோட்டின் நடுவில் நிற்கும், ஜனங்கள் பஸ்ஸுக்கும் ஓரத்துக்கும் நடுவில் ஓடுவார்கள். நிற்கும் பஸ்ஸுக்கு இடது பக்கமாகப் புகுந்து போவதை அடியோடு விட்டுவிடுங்கள். வலது பக்கமாகத் தாண்டும்போதும் பஸ்ஸின் முன்மூக்கு வரும் இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். இறங்கியவர் பஸ்ஸுக்கு முன்னால்தான் ரோட்டைக் கடப்பார். பஸ்ஸுக்கு அடியில் தெரியும் கால்களைப் பார்த்தாலே ஆள் வருவது தெரிந்துவிடும்.

இன்னொன்று சென்னைக்கே உரியது: தண்ணி லாரி. ஓ.எம்.ஆர்., வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் லாரி போன வழியெல்லாம் தண்ணீர் சிந்திக்கொண்டே போகும். நல்ல வெயிலில், காய்ந்த ரோட்டில், வளைவில் மட்டும் ஈரமாக இருக்கும். லாரிக்குப் பின்னால் போகாதீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, ஈரத்தின் மேல் பிரேக்கைத் தொடாமல் கடந்துவிடுங்கள்.

பிரேக் பற்றி ஒரு வார்த்தை. முன்பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவோம் என்று பின்பிரேக்கை மட்டும் மிதிப்பவர்கள் இங்கே நிறைய. வண்டி நிற்கும்போது எடை முன்சக்கரத்துக்குப் போகிறது, நிறுத்தும் வேலையின் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. இரண்டையும் சேர்த்து, முன்னதை நிதானமாக இறுக்கிப் பிடிக்கக் காலி மைதானத்தில் பழகிவிட்டு ரோட்டுக்கு வாருங்கள்.

சிக்னல்

மஞ்சளில் பறக்காதே, கோட்டுக்குப் பின்னால் நில் என்பதெல்லாம் தெரிந்ததே. தெரியாதது: சிவப்பில் ஓடும் நொடிக் கணக்கு மூன்றைத் தொட்டதும் முன்வரிசை கிளம்பிவிடும். குறுக்கே வரும் ரோட்டில் கடைசி மஞ்சளைப் பிடிக்க ஒருவர் பறந்து வருவதும் அதே நேரத்தில்தான். எனவே பச்சை விழுந்தாலும் வலது, இடது பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

நேராகப் போகிறவர் இடது கோடியில் நின்று ப்ரீ லெப்ட்டை, அதாவது சிக்னலுக்கு நிற்காமல் இடது பக்கம் திரும்பும் வழியை, மறிக்கக் கூடாது. திரும்பக் காத்திருக்கும் பஸ், லாரியின் இடது பக்கத்தில் போய் நிற்கவே கூடாது. திரும்பும்போது அதன் பின்பகுதி ஓரத்தை அணைத்துக்கொண்டு வரும், ஓட்டுநருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். அவருடைய கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் அவருக்கு நீங்கள் இல்லை.

ரோட்டின் பாஷை

எதிரே வருபவர் ஹெட்லைட்டை இரண்டு முறை அடித்தால் "நீ போ" என்று சொல்லவில்லை. "நான் வருகிறேன், நில்" என்கிறார். சின்ன ஹாரன் "பக்கத்தில் இருக்கிறேன்". நீண்ட ஹாரனுக்கு அர்த்தம் கிடையாது, கோபம்தான். இண்டிகேட்டரோடு கையையும் காட்டுங்கள், கைக்கு மரியாதை அதிகம்.

பக்கத்தில் வருகிறவர் திடீரென்று உங்களைப் பார்த்துக் கத்தினால் சண்டைக்கு வருகிறார் என்று நினைக்க வேண்டாம். "அண்ணா, சைடு ஸ்டாண்டு!" என்பார். அல்லது "அக்கா, துப்பட்டா!" முன்பின் தெரியாதவருக்காகத் தன் வேகத்தைக் குறைத்து இதைச் சொல்லிவிட்டுப் போவது இந்த ஊரில் எல்லோரும் செய்வது. நீங்களும் செய்யுங்கள். துப்பட்டாவையும் சேலைத் தலைப்பையும் கிளம்பும் முன்பே இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். சக்கரத்தில் சுற்றினால் ஒரு நொடிதான்.

சைக்கிளில் வருகிறவர்களுக்கு

சென்னை சமதளமான ஊர். பரங்கிமலையை விட்டால் ஏற்றம் என்பது மேம்பாலம்தான். ஆகவே 21 கியர் சைக்கிளுக்குச் செலவழிக்க அவசியமே இல்லை. கியர் இல்லாத சாதா சைக்கிளே போதும். டயர் மட்டும் ரொம்ப மெல்லியதாக வேண்டாம். மழைநீர் வடிகாலின் கம்பி மூடிகளில் சில இடங்களில் கம்பிகள் ரோட்டின் திசையிலேயே இருக்கும், மெல்லிய டயர் நேராக உள்ளே இறங்கிவிடும். மட்கார்டு, மணி, முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிமிட்டும் சிவப்பு விளக்கு, இவை வேண்டும். லைட் இல்லாமல் ராத்திரியில் போனாலும், டபுள்ஸ் போனாலும் அந்தக் காலத்தில் போலீஸ் பிடிப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது யாரும் பிடிப்பதில்லை, ஆனால் தெருவிளக்கு எரியாத இடத்தில் இருட்டோடு இருட்டாகப் போகும் சைக்கிளைக் கார்க்காரர் கடைசி நொடியில்தான் பார்க்கிறார். சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டப்படி வேண்டாம், லைசென்சும் வேண்டாம். ஹெல்மெட்டைப் போட்டுக்கொள்வது நல்லது.

பைக்குக்குச் சொன்னது போல லேனின் நடுவில் சைக்கிளை ஓட்ட முடியாது. அதற்காக நடைபாதைக் கல்லை உரசிக்கொண்டும் போகாதீர்கள். கல்லிலிருந்து இரண்டரை, மூன்றடி தள்ளி நேர்கோட்டில் போங்கள். நின்றிருக்கும் கார்களைத் தாண்டும்போது ஒரு கதவின் அகலம் விடுங்கள். இரண்டு கார்களுக்கு நடுவில் இடம் இருக்கிறதே என்று உள்ளே நுழைந்து நுழைந்து வெளியே வருவதுதான் ஆபத்து. பின்னால் வருகிறவர் கணக்கில் நீங்கள் ரோட்டை விட்டுப் போய்விட்டீர்கள், திரும்பி வருவீர்கள் என்று அவருக்குத் தெரியாது.

பஸ்ஸோடு பந்தயம் வேண்டாம். பஸ் உங்களை முந்தும், நூறு மீட்டரில் ஸ்டாப்பில் நிற்கும், நீங்கள் அதைத் தாண்டுவீர்கள், அது மறுபடி உங்களை முந்தும். ஒவ்வொரு முறையும் நடுவில் மாட்டுவது நீங்கள்தான். நிற்கும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே கால் ஊன்றி நில்லுங்கள். அரை நிமிடத்தில் அது போய்விடும்.

வலது பக்கம் திரும்ப இரண்டு வழி. கூட்டம் குறைந்த தெரு என்றால் முன்கூட்டியே கை காட்டி, திரும்பிப் பார்த்து, மெதுவாக வலது பக்கம் ஒதுங்கித் திரும்பலாம். அண்ணா சாலை, நூறடி ரோடு மாதிரி இடங்களில் வீரம் காட்டாதீர்கள். நேராகப் போய் எதிர் மூலையில் இறங்கி, நடப்பவர்களோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு கடந்து, மறுபடி ஏறிக்கொள்ளுங்கள். மேம்பாலம் வந்தால் அடியில் போகும் ரோட்டைப் பிடியுங்கள். பாலத்தின் மேல் ஓரம் என்று ஒன்று கிடையாது, பாலம் முடிகிற இடத்தில் இடமிருந்து வந்து கலக்கும் வண்டிகள் உங்களை நடுரோட்டில் விட்டுவிடும். எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்றால் இறங்கி உருட்டுங்கள். இரண்டு லாரிகளுக்கு நடுவே புகுவதற்கு எந்த அவசரமும் ஈடாகாது.

காலையில் ஈ.சி.ஆரில் சைக்கிள் ஓட்டுவது இங்கே பலருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். நல்ல ரோடுதான். ஆனால் விடியும் நேரத்தில் ராத்திரித் தூக்கம் இல்லாமல் ஓட்டிக்கொண்டு வரும் கார்களும் அதே ரோட்டில்தான் வருகின்றன. ஒருவர் பின் ஒருவராகப் போங்கள், பின்விளக்கை வெளிச்சம் வந்த பிறகும் அணைக்காதீர்கள். வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்கள் காற்றையும் கணக்கில் வைக்க வேண்டும். மாலையில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வீசும். அடையாறிலிருந்து சோழிங்கநல்லூருக்குத் திரும்புகிறவருக்கு அது எதிர்காற்று, காலையில் வந்ததைவிட நேரம் பிடிக்கும்.

நிறுத்துவதுதான் பெரிய தலைவலி. பெரிய கட்டடங்களின் வாசலில் செக்யூரிட்டி பைக்குக்கு டோக்கன் கொடுப்பார், சைக்கிளைப் பார்த்தால் "உள்ளே விட மாட்டாங்க சார்" என்பார். இடம் கிடைத்தால் சங்கிலியைச் சக்கரத்தில் மட்டும் கட்டாதீர்கள். பிரேமையும் சக்கரத்தையும் சேர்த்து இரும்புக் கம்பத்தில் கட்டுங்கள்.

மழைக்காலம்

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. முதல் மழைதான் மோசம். மாதக்கணக்கில் ரோட்டில் ஊறிய எண்ணெயும் புழுதியும் சேர்ந்து வழவழவென்று ஆகும். ஜீப்ரா கோடுகள், மெட்ரோ வேலைக்குப் போட்ட இரும்புத் தகடுகள் இரண்டும் ஈரத்தில் சறுக்கும். அவற்றின் மேல் பிரேக்கும் வேண்டாம், திருப்பலும் வேண்டாம். நேராக உருண்டு போகட்டும்.

தி.நகரின் துரைசாமி, அரங்கநாதன் சுரங்கப்பாதைகளும் வடக்கே கணேசபுரமும் நல்ல மழைக்கு நிரம்பும். "அவர் போயிட்டாரே" என்று பின்னாலேயே இறங்காதீர்கள். தண்ணீர் முன்சக்கரத்தின் அச்சைத் தொடும் போலிருந்தால் திரும்பிவிடுங்கள். அதற்குக் குறைவாக இருந்தால் முதல் கியரில், ஆக்சிலரேட்டரை விடாமல், முன்னால் போகும் காரின் தடத்திலேயே போங்கள். ஓரத்தில் எந்த மூடி திறந்திருக்கிறதோ தெரியாது. சைக்கிளில் இருந்தால் இறங்கி, முன்னால் சக்கரத்தை விட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டே உருட்டுங்கள். தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் பிரேக்கை நாலைந்து முறை லேசாகப் பிடித்து விடுங்கள், ஈரம் போகும். அன்று ராத்திரியே செயினுக்கு எண்ணெய் விடுங்கள்.

நடுவில் இன்ஜின் நின்றுவிட்டால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். உள்ளே தண்ணீர் போயிருந்தால் ஒரு ஸ்டார்ட்டில் இன்ஜின் போய்விடும். தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விடுங்கள். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் ஏகப்பட்ட வண்டிகள் மூழ்கின. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் போட்டிருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசா வராது. செப்டம்பரிலேயே பாலிசியை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

மழைக்குப் பாலத்தடியில் ஒதுங்கும்போது முழுதாக உள்ளே தள்ளி நிறுத்துங்கள். முப்பது வண்டிகள் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்பதைப் பின்னால் வரும் பஸ் மழையில் பார்ப்பது கடினம். மழைக்கோட்டு வாங்கினால் மேல்சட்டை, பேன்ட் என்று இரண்டாக வாங்குங்கள். தொளதொளவென்ற ஒற்றை அங்கி காற்றில் பறந்து கண்ணாடியையும் பின்விளக்கையும் மூடும்.

வெயில்

மே மாதத்தில் தண்ணீர் பாட்டிலும் முழுக்கைச் சட்டையும் போதும். சிக்னல்களில் மாநகராட்சி பச்சை வலைப் பந்தல் போடுகிறது. அதன் நிழலுக்காக முப்பதடி முன்னாலேயே சடன் பிரேக் போடுபவர்களிடம் ஜாக்கிரதை.

விழுந்துவிட்டால்

முதலில் ரோட்டை விட்டு வெளியே வாருங்கள், வண்டி அப்புறம். அடிபட்டவரை எழுப்பி உட்கார வைத்துச் சோடா கொடுக்கும் பழக்கம் வேண்டாம். கழுத்தில் அடி இருக்கலாம், அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் இருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்ட யாருக்கும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பணம் கட்டு என்றால் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது, பயந்து ஒதுங்க வேண்டியதில்லை.

கூட்டம் சேர்ந்து, யார் தப்பு என்று ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்வார்கள். "ஐந்நூறு வாங்கிட்டுப் போப்பா" என்று பஞ்சாயத்தும் நடக்கும். காயம் பட்டிருந்தால் அங்கேயே பேசி முடிக்க வேண்டாம். வலி பல நேரம் மறுநாள்தான் தெரியும். வண்டிகளை நகர்த்துவதற்கு முன் இரண்டு நம்பர் பிளேட்டும் தெரிகிற மாதிரி நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், பக்கத்துக் கடையில் கேமரா இருக்கிறதா என்று பாருங்கள், ஸ்டேஷனில் புகார் கொடுத்து ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்சில் முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.